கோலை மிதக்கவிட்டு வா

அந்த ஊரை எரித்தவன் நீ. ஒல்லாந்தக் கப்பித்தான் இல்லை, அவனுடைய சிப்பாய்களும் இல்லை. கோட்டைக்குள் அரைத்துப் பீப்பாயில் அடைத்து அனுப்பிய வெடிமருந்துகூட இல்லை. மருந்துக்கு வாய் கிடையாது. நீ பேசினாய், அவர்கள் நம்பினார்கள், ஊர் எரிந்தது. மறுக்க வேண்டுமானால் மறுத்துக்கொள். ஆனால் மதிலுக்குள் உட்கார்ந்து மறுக்காதே. எல்லோரும் கேட்கிற இடத்துக்கு வந்து மறு.

எனக்கு எழுதத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல, திருப்பாலைவனத்துக் கணக்கர் ஓலையில் கீறுகிறார். என் பேச்சை அவர் எழுத்துத் தமிழாக்கிக்கொள்கிறார். வசவில் பாதியை விழுங்கிவிடுகிறார் என்றும் நினைக்கிறேன். கேட்டால், "இருக்கறது போதும்மா, ஓலை தாங்காது" என்கிறார். முடிந்ததும் இதைக் கட்டி உன் கையில் கொடுத்தனுப்பப் போவதில்லை. கோட்டை வாசலுக்கு எதிரே, அகழிக்கு இந்தப் பக்கம் நின்று அவரே உரக்கப் படிப்பார். தாய் மகனுக்குச் சொல்வதை ஊர் கேட்கலாமா என்று நீ முகம் சுளிப்பாய். கரையில் உன் முகத்துக்கு நேரே நான் பேசியதை வேறொன்றாக மாற்றி அவர்களுக்குச் சொன்னாயே, அன்றைக்கே அந்த உரிமை போய்விட்டது. இந்த ஓலையை யாரும் எனக்காக மொழிபெயர்க்க வேண்டாம்.

நீ மறந்திருக்கவே முடியாத ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். வாசலில் நின்று கேட்கும் நெசவுத்தெருக்காரர்களுக்கு இது தெரியாமல் இருக்கலாம் என்பதால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். ஏரியில் எந்த ஊர் எந்த நாளில் எங்கே வலை கட்டலாம் என்பதைச் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்கிறோம். அதற்குப் பாடு என்று பெயர். பாடு தவறினால் சண்டை வரும், மண்டை உடையும். ஆனால் இரண்டு ஊர் அடித்துக்கொள்ளும்போது மூன்றாவது ஊர் எந்தப் பக்கமும் கோல் தூக்கக் கூடாது. ஒரு பக்கம் நியாயமே இருந்தாலும் கூடாது. மூன்றாவது ஊர் தன் வலையையும் கரையேற்றிவிட்டு ஒரே ஒரு ஆளை அனுப்பும். அவன் படகில் போக மாட்டான். இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து போவான். படகு தள்ளுகிற கோலைத் தனக்கு முன்னால் தண்ணீரில் மிதக்கவிட்டு, இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு போவான். அப்படி வருகிறவனை யாரும் அடிக்க மாட்டார்கள். அவனாலும் அடிக்க முடியாது. அவனுக்குப் பின்னால் ஒரு ஈ கூட வரக் கூடாது. கடைசியாகச் சொன்னதை நன்றாகக் கேட்டுக்கொள். அவனுக்குப் பின்னால் யாரும் வரக் கூடாது.

உன் நைனா அப்படிப் போனதை நீ பார்த்திருக்கிறாய். என் இடுப்பில் இருந்தாய். கோல் அலையில் விலகிப் போவதைப் பார்த்து, "நைனா கோலு பூடுச்சு, எடுத்து குடும்மா" என்று அழுதாய். எதிரே நின்றவர்களில் ஒருவன் ஆத்திரம் அடங்காமல் வலைக்கல்லை விட்டெறிந்தான். உன் நைனா நெற்றியில் ரத்தத்தோடு அங்கேயே நின்றார், திரும்பவில்லை. சாயங்காலம் இரண்டு ஊரும் பேசி முடித்துவிட்டன. வீட்டுக்கு வந்து அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "நல்லா குறி பாத்து வுட்டான். அப்புறம் அவனே வந்து கழுவி வுட்டு அழுவறான். நான்தான் அவன தேத்த வேண்டியதா பூடுச்சு." நீ சிரித்தாய். அந்தத் தழும்பை விரலால் தடவித் தடவிப் பார்த்தாய்.

பிறகு வளர்ந்தாய். கோட்டைப் பண்டசாலையில் துணி மூட்டை தூக்கப் போனவன், அவர்கள் பேச்சைக் காதாலேயே பிடித்துக்கொண்டாய். நீ அவர்கள் பேச்சை நமக்கும் நம் பேச்சை அவர்களுக்கும் மாற்றிச் சொல்கிற துபாஷியான அன்று, கூடை மீனை விலை பேசாமல் அள்ளிக் கொடுத்தேன். பெருமைதான். இல்லையென்று சொல்லவில்லை.

அடுத்த வருஷமே நடுக்குப்பத்துக்கும் மேட்டுக்குப்பத்துக்கும் முகத்துவாரத்துப் பாட்டில் தகராறு வந்தது. இறால் ஏறுகிற காலம், இரண்டு பக்கமும் பசி. நாம்தான் மூன்றாவது ஊர். நம் வலை கரையேறிவிட்டது, உன் நைனா தலைத்துணியை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டிருந்தார். அதற்குள் நீ கோட்டையிலிருந்து சிப்பாய்களைக் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினாய். மேட்டுக்குப்பத்தான் பக்கம் நியாயம் இருக்கிறது என்றாய். இருந்தது, நானும் ஒப்புக்கொள்கிறேன். "அடிதடி இல்லாம ஒரே நாள்ல முடிச்சு காட்றேன் நைனா, நீ சும்மா இரு" என்றாய். ஒரே நாளில்தான் முடிந்தது. நடுக்குப்பத்துச் சின்னத்தம்பிக்கு முழங்காலுக்குக் கீழே கால் இல்லை. ஜெயித்த மேட்டுக்குப்பத்தான் மறுநாள் வலையை எடுத்துக்கொண்டு போனால், மணல் திட்டில் சிப்பாய்கள் குடிசை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். சண்டை திரும்ப வராமல் காவல் காக்கிறார்களாம். காவலுக்குக் கூலியாகக் கூடைக்கு ஒரு பங்கு இறால். இன்றைக்கு அந்த இடத்தில் நடுக்குப்பத்தான் வலையும் இல்லை, மேட்டுக்குப்பத்தான் வலையும் இல்லை. திட்டில் குடிசை மட்டும் இருக்கிறது, ஓடு வேய்ந்துவிட்டார்கள். போன மாதம் மேட்டுக்குப்பத்துக் கிழவன் ஒருவன் சந்தையில் என்னைப் பார்த்து, "உன் புள்ள எங்களுக்கு வாங்கி குடுத்த நியாயத்த திருப்பி எடுத்துக்க சொல்லு தாயே, வெக்க எடமில்ல" என்றான்.

அப்போதே நீ நிறுத்தியிருக்கலாம். உனக்கு அதில் ருசி வந்துவிட்டது.

இலங்கைக் கரையில் நடந்தது எனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்பாய். மம்மது பாயை உனக்குத் தெரியும், பள்ளிவாசல் தெருக்காரர், உன்னோடு அதே கப்பலில் தச்சு வேலைக்கு வந்தவர். திரும்பி வந்து பல நாள் என் கண்ணில் படாமல் சுற்றினார். ஒரு நாள் சந்தையில் கூடைக்கு எதிரே வந்து நின்றார். மீனைப் பார்க்கவில்லை.

"அக்கா, சொல்லவும் கூடாது. சொல்லாமயும் இருக்க முடில."

"சொல்லிட்டு போ பாய். மீனு எளகுது."

"உன் புள்ள அங்க தண்ணில எறங்கி கோல மெதக்க வுட்டான்."

"நல்லதுதான செஞ்சான். நம்ம வழக்கம் அது."

"பின்னாடி படகு வந்துச்சுக்கா. துப்பாக்கியோட."

நான் கூடையை மூடினேன். அன்றைக்கு அதற்குமேல் விற்கவில்லை.

மிச்சத்தையும் அவர் சொன்னார். அங்கே அண்ணனும் தம்பியும் நாட்டுக்காக அடித்துக்கொள்கிறார்கள். கறுவாப்பட்டை வியாபாரம் முழுக்க உங்களுக்கே என்று தம்பி எழுதிக் கொடுத்ததால் ஒல்லாந்தருக்குத் தம்பிமேல் இரக்கம் வந்துவிட்டது. நடுவில் ஒரு களப்பு, நம் ஏரி மாதிரியே ஆழமில்லாதது. அதன் வாயில் ஒரு வலைக்கார ஊர். அவர்கள் அண்ணன் படகையும் உள்ளே விடவில்லை, தம்பி படகையும் விடவில்லை. வாயில் மூங்கில் நட்டு அடைத்துவிட்டுத் தங்கள் பாட்டுக்கு மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தமிழ் பேசுகிறவர்கள். அந்த மூங்கிலைப் பிடுங்கத்தான் நீ போனாய். தலைப்பாகையையும் அங்கியையும் கப்பலில் கழற்றி வைத்துவிட்டு, உன் நைனா கட்டுகிற மாதிரியே வேட்டியைக் கட்டிக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் கோலை மிதக்கவிட்டுப் போனாய். "நானும் வலக்காரன் புள்ளதான். உங்கள காப்பாத்ததான் வந்துகீறோம். வழி வுடுங்க, குடிதண்ணி எடுத்துக்கினு பூடுவோம்" என்றாய். நம் வழக்கம் அவர்களிடமும் உண்டோ இல்லையோ, எனக்குத் தெரியாது. ஆனால் கையைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் தனியாக வருகிறவனைப் பார்த்தால் யாருக்கும் புரியும். அவர்கள் மூங்கிலைப் பிடுங்கினார்கள். ஒரு கிழவர் உனக்கு இளநீர் கொண்டுவரச் சொல்லிக்கொண்டிருந்தாராம். படகுகள் உன்னைத் தாண்டி உள்ளே போயின. முதுகுக்குப் பின்னால் ஒரு ஊரை விட்டுவைக்கக் கூடாது என்று கப்பித்தான் சொன்னானாம். காயப்போட்டிருந்த வலைகளில் முதலில் தீ பிடித்ததாம். வலை எப்படி எரியும் என்று எனக்குத் தெரியும். காற்றில் தூக்கிக்கொண்டு போய்க் கூரை கூரையாகப் போடும்.

அன்றைக்கு நீ செத்து வந்திருந்தால் அழுதிருப்பேன். நீ பரிசோடு வந்தாய்.

இப்போது உன் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், வாசலில் நிற்கிறவர்கள் அதையும் கேட்கட்டும். நீ திரும்பி வந்து, செருப்பைக் கழற்றாமல் நம் வீட்டில் உட்கார்ந்து சொன்னவைதான். "மூத்தவன் பொல்லாதவன்மா. தம்பி புள்ளைங்க கண்ண புடுங்கினவன்" என்றாய். சரி, பொல்லாதவன்தான். அவன் பொல்லாதவன் என்று அந்த ஊர் வலைக்காரன் உன்னைக் கூப்பிட்டானா, பட்டை வாங்குகிற துரை சொன்னானா? கண்ணைப் பிடுங்கியவன் இன்னும் அரண்மனையில் இருக்கிறான். எரிந்தது அவனுடைய அரண்மனை இல்லை. "நாங்க போலன்னா பறங்கி போவான்" என்றாய். போகட்டும், அப்போது அந்தப் போர்த்துக்கல் பறங்கியை ஏசுகிறேன். இப்போது போயிருப்பது என் மகன். "ராசா கூப்ட்டுதான் போனோம், தானா போல" என்றாய். மேட்டுக்குப்பத்தானும்தான் உன்னைக் கூப்பிட்டான். கூப்பிடுகிறவன் எப்போதும் ஒருத்தன் இருப்பான். அடிபட்டவனோ பேராசைக்காரனோ, எந்தச் சண்டையிலும் வெளியாளைக் கூப்பிட ஒருத்தன் கிடைப்பான். அவனைத் தேடிப் பிடிப்பதுதான் அவர்கள் தொழில், அவனைப் பேசவைப்பது உன் தொழில்.

ஒல்லாந்து தேசம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அங்கேயும் தண்ணீர்தானாம், கரை கட்டிக் கடலைத் தள்ளி வைத்து வாழ்கிறார்களாம், மீன் பிடித்துப் பிழைத்த சனமாம். நீதான் சொன்னாய். எங்கிருந்தோ ஒரு பெரிய ராசா வந்து, உங்கள் நன்மைக்காகத்தான் ஆள்கிறேன் என்று உட்கார்ந்தானாம். அப்பன் செத்தால் மகன், மகன் செத்தால் பேரன் என்று சண்டை போட்டு அவனை விரட்டினார்களாம். அதைச் சொல்லும்போது உன் முகம் மலர்ந்தது, நாங்களும் கஞ்சியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டோம். நல்ல கதைதான். தன் வாசலில் அடுத்தவன் கால் வைத்ததற்கு அத்தனை தலைமுறை ரத்தம் சிந்திய சனம், அடுத்தவன் வாசலில் தான் கால் வைத்தால் அதற்கு உதவி என்று பெயர் வைக்கிறது. நடுக்குப்பத்துச் சின்னத்தம்பியிடம் போய் இந்தக் கதையைச் சொல். ஊன்றுகோலை எடுத்து எறிவான்.

இந்தக் காற்று மாறுவதற்குள் மறுபடியும் ஒரு கப்பல் போகிறது. அதே களப்புக்கு, இன்னும் அதிக மருந்தோடு. நீயும் போகிறாய். கப்பல் அலைக்கு அப்பால் நங்கூரம் போட்டு நிற்கிறது. அவர்களுடைய ஆணி அடித்த படகு நம் அலையில் இரண்டு தரம் மணலில் மோதினால் பிளந்துவிடும். நம் படகில் ஆணி கிடையாது. பலகையைப் பலகையோடு தென்னங்கயிற்றால் தைத்திருக்கிறோம், அலை அடித்தால் வளைந்து கொடுக்கும். கோட்டையிலிருந்து ஒரு பீப்பாய் கப்பலேற வேண்டுமென்றால் அது நம் தையல் படகில்தான் போக வேண்டும். கயிறு திரிக்கிறவர்கள் நாங்கள், பொம்பளைகள். இத்தனை பெரிய கோட்டை எங்கள் உள்ளங்கையில் திரிகிற கயிற்றில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்பது எங்களுக்கே இப்போதுதான் உறைத்தது.

மருந்து ஏறாதபடி எல்லாப் படகுத் தையலையும் அறுப்பது என்று கங்கையம்மன் கோயில் மணலில் கூடிப் பேசினோம். ஒரே மனதாக முடிந்தது என்று நினைக்காதே. முனியம்மா என் முகத்துக்கு நேரே கேட்டாள்.

"உன் புள்ள செஞ்ச பாவத்துக்கு என் படக ஏன்மே அறுக்கணும்?"

"அறுக்காத. பீப்பா ஏத்து. அது போயி சேர்ற ஊர்ல உன்ன மாதிரி ஒருத்தி இருப்பா. இது என் பாவம் இல்லனு அவளுக்கும் சொல்லி அனுப்பு."

"நாக்கா இது, திருக்க மீனு வாலு."

எழுந்து போய்விட்டாள். நான் தோற்றேன் என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் மீன் அரிகிற கத்தியோடு வந்தாள். "திரும்ப தெக்கிற வரைக்கும் என் மாமியாளுக்கு நீதான் கஞ்சி ஊத்தணும், சொல்லிட்டேன்."

"ஊத்தறேன்."

"உப்பு கொறைஞ்சா கத்துவா. பழகிக்க."

முதலில் நம் படகைத்தான் அறுத்தோம். உன் நைனா பக்கத்தில் உட்கார்ந்து, "கீழ் தையல்ல ஆரம்பி. மேல இருந்து அறுத்தா பலக வெடிச்சுடும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். படகை உடைக்கவில்லை, கேட்டுக்கொள். பலகைகளைக் கழற்றி அடுக்கி, வெயில் படாமல் ஓலை போட்டு மூடினோம். கயிற்றை மட்டும் எரித்தோம். எங்கள் சோறும் அதோடுதான் எரிந்தது. படகு இல்லாத கரையில் என்ன சமைப்பது? நண்டும் கீரையும்தான். முனியம்மாவின் மாமியார் தினமும் உப்புக்குக் கத்துகிறாள்.

பிறகு கப்பித்தான் வந்தான், நீ வந்தாய். ஏரிப் பக்கத்துக் கரையில் அவன் படகு சிப்பாய்களோடு நின்றது. நீ வெள்ளை அங்கியில் அவனுக்கு இடது பக்கம் நின்றாய். பெற்றவளைப் பார்த்து, "ஏன் அறுத்தீங்கனு தொர கேக்கறாரு" என்றாய், யாரோ வழிப்போக்கரிடம் கேட்பது போல. நான் நிதானமாகத்தான் சொன்னேன். "துணி ஏத்துவோம், அரிசி ஏத்துவோம், மொளகு ஏத்துவோம். மருந்து ஏத்த மாட்டோம். அது போற எடத்துல எங்கள மாதிரி சனம் கீது. மருந்து ஏத்த சொல்ற வரைக்கும் படகு தெக்க மாட்டோம்." இவ்வளவையும் நீ அவனிடம் நாலு வார்த்தையில் சொல்லி முடித்தாய். அவன் சிரித்தான். கூட வந்த கோட்டைக் கணக்கனைப் பார்த்து ஏதோ சொன்னான். நீ என்னிடம் திரும்பி, "கூலி ஏத்தி தர்றாங்களாம்" என்றாய்.

"யாரு கேட்டா கூலி?"

நீ தரையைப் பார்த்தாய். கப்பல் வேலையில் அவர்கள் பேச்சைக் கற்றுக்கொண்ட மம்மது பாய்தான் கூட்டத்திலிருந்து குரல் கொடுத்தார். "அக்கா, கூலி பத்தலனுதான் நீ கோவமா கீறனு சொல்லிட்டான்."

அப்போது நீ தாழ்ந்த குரலில் சொன்னாய். "நெசத்த சொன்னா சுட்டுடுவாங்கம்மா. உன்ன காப்பாத்ததான் அப்படி சொன்னேன்." காப்பாற்ற. அந்தக் களப்பில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று சொன்ன அதே சொல். அந்தச் சொல்லை உன் வாயிலிருந்து கேட்கும்போது ஒவ்வொரு முறையும் யாராவது பேச்சிழக்கிறார்கள். அன்றைக்கு அது நான். என் கோபத்தை எடுத்துக்கொண்டு பிச்சையாக மாற்றிக் கொடுத்துவிட்டாய். அதைவிட அவர்கள் என்னைச் சுட்டிருக்கலாம்.

உன் நைனா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆழமில்லாத பக்கமாக இறங்கி, கப்பித்தானின் படகை நோக்கித் தண்ணீரில் நடந்தார். கோலை முன்னால் மிதக்கவிட்டார், கையைத் தூக்கினார். பின்னால் யாரும் போகவில்லை. கரையில் இருந்த நாங்கள் எல்லோரும் அப்படியே உட்கார்ந்துவிட்டோம், வழக்கம் அதுதான். சிப்பாய்கள் துப்பாக்கியைத் தூக்கினார்கள். கப்பித்தான் உன்னைப் பார்த்து ஏதோ கேட்டான். நீ ஒரே வார்த்தை சொன்னாய். அவர்கள் கொக்கிக் கழியை அவர் தோளில் மாட்டி, மீனை இழுப்பது போல இழுத்துப் படகில் போட்டார்கள்.

"இன்னா கேட்டான், இவன் இன்னா சொன்னான்?" என்று மம்மது பாயைக் கேட்டேன். அவர் சொல்ல மாட்டேன் என்றார். விடவில்லை நான். அந்த ஆள் என்ன செய்கிறான் என்று கப்பித்தான் கேட்டானாம். தெரியாது என்று நீ சொன்னாயாம்.

தெரியாது. இலங்கைக் கரையில் ஊரை ஏமாற்ற இந்த வழக்கம் உனக்குத் தெரிந்தது. உன் அப்பனைக் காப்பாற்றத் தெரியாது. மண்டையில் கல் பட்டும் திரும்பாமல் நின்றவரை என் இடுப்பிலிருந்து பார்த்தாயே, அந்தத் தழும்பைத் தடவினாயே, தெரியாதா உனக்கு?

இப்போது அவர் உள்ளே இருக்கிறார். நீயும் அதே மதிலுக்குள்தான் இருக்கிறாய். படகைத் தைத்து, மருந்தை ஏற்றினால் விட்டுவிடுவோம் என்று தண்டோரா போட்டிருக்கிறார்கள். அந்த வாசகத்தை எழுதிக் கொடுத்தது நீயாகத்தான் இருக்கும், தமிழ் நன்றாக இருந்தது. கோட்டைக்குத் தண்ணீர் சுமக்கிறவள் அவரைப் பார்த்திருக்கிறாள். அவர் சொல்லி அனுப்பியது இவ்வளவுதான்: "தெக்காதீங்க. உள்ள கொசு கம்மி." நான் சிரித்துவிட்டேன். பிறகு கொல்லைப் பக்கம் போய்விட்டேன்.

என்னைப் பற்றியும் யாராவது கேட்பார்கள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். உன் சம்பள அரிசியை நானும் தின்றேன். இந்தக் கரையில் பாதி வீட்டு அடுப்பு கோட்டையால்தான் எரிகிறது. நெசவுக்காரர், சாயக்காரர், மருந்து இடிக்கிறவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள் எல்லோருக்கும் வயிறு இருக்கிறது. வாசலில் நின்று கேட்கிற உங்களில் பலபேர் என்னைச் சபிக்கிறீர்கள், தெரியும். ஒல்லாந்தரைக் கப்பலேற்றி அனுப்பச் சொல்லி நான் கேட்கவில்லை. வியாபாரம் செய்யட்டும், மீனுக்கு விலை பேசட்டும், ஏமாற்றினால் சண்டை போட்டுக்கொள்கிறோம். என் ஊர்க் கயிற்றில் கட்டி, என் ஊர்த் தோளில் ஏற்றி, என் மகன் வாயில் பேசி, இன்னொரு ஊரைக் கொளுத்தப் போகாதே என்கிறேன். இதற்கு மேல் என்னிடம் பெரிய நியாயம் எதுவும் இல்லை.

உன் நைனாவை விடச் சொல்லி உன்னிடம் கேட்க மாட்டேன். அவர் தானாக நடந்து போனவர், அவர் கணக்கை அவர் பார்த்துக்கொள்வார். உன்னிடம் கேட்பது வேறு. காற்று மாறுவதற்குள் வாசலைத் திறந்துகொண்டு வெளியே வா. அங்கியைக் கழற்று. அன்றைக்கு நான் சொன்னதை, நான் சொன்ன வரிசையில், கூட்டாமல் குறைக்காமல் கப்பித்தானுக்கு அவன் மொழியில் சொல். உன் அப்பன் தண்ணீரில் என்ன செய்தார் என்பதையும் சொல். அந்தக் களப்பில் நீ என்ன செய்தாய் என்பதையும் சொல். மம்மது பாய் பக்கத்தில் நிற்பார், ஒரு வார்த்தை மாறினாலும் எங்களுக்குத் தெரிந்துவிடும். அவர்கள் சுடலாம். உன்னைச் சுட மாட்டார்கள் என்று பொய் சொல்ல மாட்டேன். தாய் இப்படிக் கேட்கலாமா என்று கணக்கர் எழுத்தாணியை நிறுத்திவிட்டுப் பார்க்கிறார். எழுது ஐயா என்கிறேன். அந்தக் களப்பில் மூங்கிலைப் பிடுங்கியவர்களுக்கும் தாய் இருந்தாள்.

இதற்கு மேலே உள்ளதைக் கணக்கர் நேற்று வாசலில் படித்தார். நடுக்குப்பத்தான் வந்திருந்தான், மேட்டுக்குப்பத்தானும் வந்திருந்தான், சின்னத்தம்பி ஊன்றுகோலோடு முன்னால் உட்கார்ந்திருந்தான். மதில்மேல் சிப்பாய்கள் கூடினார்கள். மேல் சன்னல் ஒன்றில் வெள்ளைத் துணி தெரிந்தது, உன் அங்கியாக இருக்கலாம், திரைச்சீலையாகவும் இருக்கலாம். படித்து முடித்தும் கலையாமல் நின்றோம். கதவு திறக்கவில்லை. இன்று காலையில் மறுபடி படித்தார், தொண்டை கட்டிவிட்டது அவருக்கு. கதவு திறக்கவில்லை. கப்பலில் பாய் கட்டுகிறார்கள், இங்கிருந்தே தெரிகிறது. இந்தக் கடைசி வரிகளை வாசலிலேயே உட்கார்ந்து சொல்கிறேன். அகழியில் இடுப்பளவுத் தண்ணீர்தான் இருக்கிறது, முனியம்மா இறங்கி நின்று பார்த்துவிட்டாள். உன் நைனாவின் கோலை ஏரியிலிருந்து எடுத்து வந்து, அகழிக்கு உன் பக்கத்துக் கரையில் வைத்திருக்கிறோம். எடுத்துக்கொள்ள வா. மிதக்கவிட்டுக்கொண்டு, கையைத் தூக்கிக்கொண்டு, பின்னால் யாரையும் கூட்டிக்கொள்ளாமல் வா.